காவித் தரை போட இனி யார் இருக்கிறார்கள்?

பெங்களூர் மல்லேஸ்வரத்திலும் பசவனகுடியிலும் பழைய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபட்டு வருகின்றன. தேக்குக் கதவும் தூணும் லாரி ஏறிப் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. அவற்றுக்கு விலை உண்டு. தரைக்கு இல்லை. சம்மட்டி அடியில் அது தூளாகி மண்ணோடு போகிறது.

1898-ல் நகரில் பிளேக் பரவியபோது, நெரிசல் மிகுந்த பேட்டையை விட்டு வந்தவர்களுக்கு இடம் கொடுத்த பகுதிகள் இவை. காற்று வேண்டும் என்ற தவிப்பு அந்த வீடுகளில் அப்படியே தெரியும். உயர்ந்த கூரை, கயிற்றை இழுத்துத் திறக்கும் வெண்டிலேட்டர், ஜன்னலுக்கு மேல் கூம்பிய மரச்சட்டத் தொப்பியான 'மங்கி டாப்'. மேலே மங்களூர் ஓடு. அல்லது தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்ட 'மெட்ராஸ் டெரஸ்'. எந்த ஊர் வேலை என்பதைப் பெயரே சொல்லிவிடும். 1905-ல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்த பிறகு, மரப்பட்டையில் ஓடும் ஒயரும் கறுப்பு உருண்டை சுவிட்சும் சேர்ந்துகொண்டன.

இதையெல்லாம் பொற்காலம் என்று புலம்ப வேண்டியதில்லை. கொல்லைக் கோடியில் கக்கூஸ், புகை மண்டிய சமையற்கட்டு; அந்தச் சுகம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பாகப் பிரிவினை என்று வந்துவிட்டால் நாலு பிள்ளைகள் ஒரு வீட்டை என்ன செய்வார்கள்? இடிக்கத்தான் செய்வார்கள். அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் வீட்டோடு தொழிலும் போக வேண்டுமா?

காவித் தரை பார்க்க எளிது, போடக் கடினம். ரெட் ஆக்சைடு பொடியைச் சிமெண்டில் ஒரே சீராகக் கலக்க வேண்டும். விகிதம் சற்று மாறினால் அடுத்த கலவை வேறு நிறம் காட்டும். ஈரம் காயுமுன் கரணையால் திரும்பத் திரும்ப அழுத்தித் தேய்த்தால்தான் மெருகு வரும். பிறகு பல நாள் தண்ணீர் கட்ட வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பு விடும். இதற்கு மெஷின் கிடையாது. எல்லாம் கைப்பதம். அப்படிப் போட்ட தரை தேங்காயெண்ணெய்த் துடைப்பிலேயே மூன்று தலைமுறைக்குப் பளபளக்கும்.

டைல்ஸ் வந்ததும் இந்த வேலைக்கு மதிப்பு போயிற்று. இப்போது காசுள்ளவர்கள் புது வீட்டுக்கும் ஓட்டலுக்கும் அதே தரை வேண்டும் என்று தேடுகிறார்கள். போடத் தெரிந்த கொத்தனார்தான் அகப்படுவதில்லை. ஸ்ரீராம்புரத்திலும் ஓக்லிபுரத்திலும் காலையில் வேலை தேடிப் புறப்படும் நம் ஆட்களில் பலர் டைல்ஸ் ஒட்டவே பழகியவர்கள்.

கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல வரியாக வசூலாகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, மிச்சமுள்ள முதிய கொத்தனார்களை ஆசிரியர்களாக வைத்து நல வாரியம் பயிற்சி தரலாம். பயிற்சி நாட்களுக்கு முழுக் கூலியும் தர வேண்டும். கூலியை விட்டுவிட்டு எந்தத் தொழிலாளியும் வகுப்புக்கு வரமாட்டான்.