கூட்டைக் காத்துக் கடலை விடுவதா?

“பசித்த வயிறுகள் ஆயிரம் இருக்கப் பறவையின் பின்னே ஓடுவது எதற்கு?” என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உளர். கேள்வி நியாயம்போலத் தோன்றும். பறவையின் இரையும் மீனவனின் வருவாயும் ஒரே கடலிலிருந்து வருவன என்பதை மறந்தவர்களே அதனைக் கேட்க முடியும்.

தலைமன்னாருக்கு அப்பால், ஆதாம் பாலத்து மணற்றிட்டுகளில் சோளகம் வீசும் மாதங்களில் ஆலாக்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. பிற காலங்களில் கடற்பறவைக்கு மீன் உள்ள திசையே திசை. குஞ்சு பொரித்த பின்போ அது கயிற்றில் கட்டுண்டது போலாகிறது. எத்துணைத் தூரம் பறந்தாலும் குஞ்சு பட்டினியால் மடியுமுன் திரும்பியாக வேண்டும். கொண்டை ஆலா ஒருமுறை அலகிற் கொணர்வது பெரும்பாலும் ஒரே ஒரு மீன்! அந்த ஒரு மீன் எந்தக் கடற்பரப்பில் அகப்படுகிறது என்பதை அறியாமல் அதன் இனத்தைக் காக்கப் புறப்படுவது வேடிக்கை.

அறியும் வழி இன்று உண்டு. செய்மதியின் துணையால் இடங்காட்டும் சிறு கருவியைப் பறவையின் உடலில் பொருத்துகிறார்கள். அதன் பாரம் பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கைத் தாண்டலாகாது என்பது ஆய்வாளர் பொதுவாகக் கொள்ளும் வரம்பு. 350 கிராம் எடையுள்ள கொண்டை ஆலாவுக்குப் பத்துக் கிராம்; 50 கிராம் எடையுள்ள சின்ன ஆலாவுக்கோ ஒன்றரைக் கிராமே. கொழும்புப் பல்கலைக்கழகத்தார் மன்னாரில் கருவி பொருத்திய கடற்காகங்கள் 2021இல் ரஷ்யாவின் வடதுருவப் பகுதிவரை சென்றன. மகிழ்ச்சியே, விருந்தாளியின் வழி தெரிந்துவிட்டது. இம்மண்ணிலேயே குஞ்சு பொரிக்கும் ஆலாவின் இரைக்களத்தைக் காட்டும் வரைபடத்தை எந்தக் கடற்றொழிலாளர் சங்கச் சுவரிலும், எந்தப் பாடசாலைச் சுவரிலும் நாம் கண்டதில்லை.

2015இல் ஆதாம் பாலம் தேசியப் பூங்காவாயிற்று. அலுவலக மேசையில் வரைந்த எல்லைக்கோட்டை ஆலா அறியுமா? அது இரை தேடும் கடலில் நடப்பதென்ன? றோலர் என்று நம்மவர் சொல்லும் இழுவைமடிப் படகுகள், மீன்குஞ்சு வளரும் கடற்புற்றரைகளை வாரிச் செல்கின்றன. 2017இல் நம் நாட்டுச் சட்டம் இழுவைமடியைத் தடைசெய்தது. ஆயினும் பாக்கு நீரிணையில் அக்கரைப் படகுகள் இன்றும் வருகின்றன. இக்கரையிலும் அது முற்றாக ஒழியவில்லை. அப்படகுகளில் வியர்வை சிந்துபவன் கூலியாள், ஆதாயம் முதலாளிக்கு. தமிழகத் தொழிலாளிமீது நமக்குப் பகையில்லை.

தென்னாபிரிக்காவைப் பாருங்கள். பெங்குவின்கள் எங்கே இரை தேடின என்று கருவிகளாற் கண்ட சான்று அங்கே வழக்கில் ஆயுதமாயிற்று. 2025 மார்ச்சில் ஆறு பெங்குவின் குடியிருப்புகளைச் சூழ்ந்த கடலில், சாளையும் நெத்தலியும் வாரும் பெருவலைக் கம்பனிகளுக்கு எல்லை வகுக்கப்பட்டது. ஏழைத் தூண்டிற்காரனை அந்த ஆணை துரத்தவில்லை.

இங்கே நாம் அஞ்சுவது அதற்கு எதிர்மாறானதை. வரைபடம் அதிகாரியின் பெட்டிக்குள் அடைபட்டால், நாளை பறவையின் பெயரால் முதலில் மறிக்கப்படுவது பாசையூர் வள்ளக்காரனே! பறவை விழும் இடத்தில் மீன் உண்டு என்பதைக் கருவி வருமுன்பே கண்டவன் அவன். ஆய்வுக் குழுவில் அவனுக்கு இடம் வேண்டும். வரைபடம் தமிழில் அச்சாகி ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வரவேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, தடைசெய்யப்பட்ட இழுவைமடி இன்னும் ஏன் ஓடுகிறது என்று மீன்பிடித் திணைக்களத்தின் வாயிலில் நின்று கேட்கவேண்டும்.