சூடு இடையில் அறுந்துவிடக் கூடாது



இரவில் இறைச்சியையும் பருப்பையும் ஸ்லோ குக்கரில் போட்டு மூடிவிட்டால் சஹருக்கு ஆணம் தயார். ஆனால் விலை குறைந்த குக்கரில் திருகும் சுவிட்ச் ஒன்றுதான் உண்டு. நேரம் பார்க்க எதுவுமில்லை. "உம்மா, சூட்டையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளும் பெட்டியொன்றை நானே செய்து தருகிறேன்" என்று மகன் சொன்னால் தடுக்காதீர்கள். எனினும் அந்தப் பெட்டியின் வேலையை நீங்களும் விளங்கி வைத்திருங்கள். அதில் வேகும் உணவை உண்ணப்போவது உங்கள் பிள்ளைகள் அல்லவா?

வேலை எளியதுதான். வெப்பத்தை உணரும் கம்பியொன்று ஆணத்துக்குள் இருக்கும். சொன்ன அளவுக்குச் சூடு ஏறியதும் பெட்டியிலுள்ள றிலே மின்சாரத்தை நிறுத்தும்; குறைந்ததும் மீண்டும் கொடுக்கும். பெட்டி சுவர் பிளக்குக்கும் குக்கருக்கும் நடுவில் இருப்பதால் குக்கரைக் கழற்றத் தேவையில்லை. பொத்தான் அழுத்தும் டிஜிட்டல் குக்கர்கள் இதற்குப் பெரும்பாலும் சரிவராது. மின்சாரம் நின்று வந்தால் அவை தாமாக இயங்குவதில்லை.

இனி முக்கியமான விடயம். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகும். ஆகவே பச்சை இறைச்சியைப் போட்டுவிட்டு, "நான்கு மணித்தியாலம் கழித்துத் தொடங்கு" என்று டைமரை வைக்கவே கூடாது. சில கிருமிகள் விடும் நஞ்சு பிறகு எவ்வளவு கொதித்தாலும் அழியாது. டைமரை முடிவுக்கு வையுங்கள். அப்போதும் முற்றாக நிறுத்தாமல், 65 அல்லது 70 பாகையில் சூட்டைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

கிட்னி பீன்ஸ் என்னும் சிவப்பு அவரையில் இயற்கையாகவே ஒரு நஞ்சு உண்டு. குக்கரின் இளஞ்சூட்டில் அது அழியாது. இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதிய நீரில் அடுப்பில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்க வைத்த பின்பே குக்கரில் இடுங்கள்.

உணரும் கம்பி பாத்திரத்துக்கு வெளியே நழுவினால் பெட்டி ஏமாந்துபோகும். ஆணம் ஆறிவிட்டதென்று எண்ணி மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கம்பியை மூடியோடு சேர்த்து இறுக்கிவிடுங்கள்.

மின்வெட்டையும் மறக்க வேண்டாம். 2022 மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. நீங்கள் உறங்கும்போது மின்சாரம் போய் வந்தால், ஆணம் எவ்வளவு நேரம் ஆறிக் கிடந்ததென்று காலையில் பார்த்துத் தெரியாது. மின்சாரம் போனால் அதைக் காட்டும் சிறு விளக்கொன்றை மகனைப் பொருத்தச் சொல்லுங்கள். மின்சாரம் திரும்பினாலும் நீங்கள் அழுத்தும் வரை அது எரிந்துகொண்டே இருக்க வேண்டும். எரிவதைக் கண்டால், சந்தேகமான உணவைக் கொட்டிவிடுவதே நல்லது. வீண்விரயமே என்று மனம் வருந்தலாம்; நோயை விலைக்கு வாங்குவது அதைவிடப் பெரிய நட்டம்.

200 வாட் குக்கர் ஓர் அம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். ஆனால் நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது உயிரைப் பறிக்கும். ஆகவே பெட்டிக்கு பியூசும் எர்த் கம்பியும் கட்டாயம். பிளக்கில் செருகுமுன் மின்வேலை தெரிந்த ஒருவர் அதைத் திறந்து பார்க்கட்டும்.

முதல் நாள் உணவு வேண்டாம். கம்பியைக் கொதிநீரில் இட்டால் 100 பாகையளவும், உருகும் ஐஸில் இட்டால் 0 பாகையளவும் காட்ட வேண்டும். பிறகு குக்கரில் வெறும் தண்ணீரை ஊற்றி, ஒரு பகல் முழுவதும் உங்கள் கண்முன் ஓடவிடுங்கள். அதில் தேறிய பின் இறைச்சியை அதனிடம் ஒப்படையுங்கள்.