வைத்தியர் பக்கம்: பீனிசத்துக்கு வீட்டு வைத்தியம்

சென்ற இதழில் நீரிழிவுக்காரர் தம் பாதங்களைப் பேணும் முறை பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர் சிலர் திருவெம்பாவைக் காலத்து அதிகாலைப் பூசைகளின்போது என்னைக் கண்டு, "டொக்டர், கால் இருக்கட்டும், இந்த மூக்கைப் பற்றி எப்போது எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப்பேர் கையிற் கைக்குட்டையோடுதான் நின்றார்கள். மார்கழிக் குளிரில் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டுக் கோயிலுக்கு வருகிறவர்கள் குளிரைக் குறை சொல்வது இயல்பே. ஆனால் தடிமனைத் தருவது வைரஸ் கிருமி. யன்னல்களைச் சாத்திக்கொண்டு ஒருவரோடொருவர் நெருங்கியிருக்கும் மாதங்களில் அது எளிதாகப் பரவுகிறது. அந்தத் தடிமன் மூக்கோடு நில்லாமல் முக எலும்புகளுக்குள்ளும் இறங்குவதையே ஊரிற் பீனிசம் என்றோம். இங்கே சைனஸ் என்கிறோம்.

எங்கள் பரியாரிமார் இதைத் "தலையில் நீர் கோத்திருக்கிறது" என்பார்கள். அதிற் பாதி சரி. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் நான்கு சோடி வெற்றறைகள் உண்டு: கன்னத்தில், புருவத்துக்கு மேலே, இரு கண்களுக்கும் நடுவே, பின்னால் மண்டையோட்டின் அடியில். இவற்றின் உட்சவ்வு ஓயாமற் சளியைச் சுரக்கிறது. நுண்மயிர்கள் அதைச் சிறு துவாரங்களின் வழியே மூக்குக்குள் தள்ளிவிடுகின்றன. கன்னத்து அறையின் துவாரம் அறையின் உச்சியில் இருக்கிறது என்பது பலருக்குப் புதுமையாக இருக்கும். கிணற்று நீரை மேலே இறைப்பதுபோல, நாம் நிமிர்ந்து நிற்கும்போதெல்லாம் அந்த நுண்மயிர்கள் சளியை மேல்நோக்கியே ஏற்றவேண்டும். தடிமனில் துவாரம் வீங்கி அடைபட்டால் உள்ளே தேங்குகிறது. குனிந்தால் கன்னம் கனக்கிறது, மேற்பல் வலிக்கிறது. ஆகவே நீர் கோப்பது உண்மை. அது தலைக்கு முழுகியதால் உள்ளே இறங்கிய நீர் என்பதுதான் தவறு. பீனிசத்துக்குப் பயந்து ஒரு மாதம் தலை முழுகாதிருந்த அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். தலை கடித்ததேயன்றிப் பீனிசம் போகவில்லை.

இந்த நோய் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். ஆனால் இரண்டு முதல் மூன்று கிழமை எடுக்கும். நான்காம் நாளே பொறுமை இழந்து, "ஒரு அன்டிபயோட்டிக் தாருங்கள்" என்று வருகிறவர்களே அதிகம். இந்நாட்டின் மருத்துவ வழிகாட்டல் 2017-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: இத்தகைய பீனிசத்தில் நூற்றுக்கு இரண்டு அளவிலேதான் பக்டீரியாத் தொற்றுச் சேருகிறது, முதல் பத்து நாட்களுக்குள், ஆள் கடுமையாக வாடாதவரை, அன்டிபயோட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பது பக்டீரியாவுக்கு அடையாளம் அல்ல. நம் வெள்ளணுக்கள் போராடும்போது வருகிற நிறம் அது. ஊருக்குப் போய்வரும்போது சூட்கேசில் அமொக்சிசிலின் கட்டிக்கொண்டு வந்து, வீட்டில் எவர் தும்மினாலும் இரண்டு மூன்று வில்லைகளைக் கொடுக்கும் பழக்கம் நம்மவரிடையே இருக்கிறது. வைரசுக்கு அது ஒன்றும் செய்யாது. வயிற்றோட்டத்தையும், நாளை உண்மையாகத் தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாத நிலையையுமே தரும்.

அப்படியானால் வீட்டிலே என்ன செய்யலாம்? எல்லாவற்றிலும் மேலானது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. யோகம் பயின்றவர்கள் இதை ஜலநேதி என்பார்கள். ஒரு பைந்து தண்ணீரை, அதாவது 568 மில்லிலீற்றரை, நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். வெதுவெதுப்பானதும் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் போட்டுக் கரையுங்கள். (கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு; அதைப் போட்டுவிட்டு எரிகிறது என்று என்னிடம் வரவேண்டாம்.) கையைக் கழுவிக்கொண்டு, பேசினின் மேற் குனிந்து, உள்ளங்கையிற் சிறிது ஏந்தி, ஒரு நாசியால் மெல்ல உறிஞ்சுங்கள். வாயால் மூச்சு விடுங்கள். நீர் தொண்டைக்குள் இறங்காமல் மூக்கால் வழிந்து விழட்டும். பின் மற்ற நாசி. நாளுக்கு மூன்று முறை வரை செய்யலாம். மிஞ்சியதை நாளைக்கென்று வைக்காமல் ஊற்றிவிட்டு, அடுத்த நாள் புதிதாகத் தயாரியுங்கள். முதல் இரண்டு நாள் முகம் சுளிக்கும், பின் பழகிவிடும். "உப்பு அல்லவா, பிரஷர் கூடாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கழுவி வெளியே விடுவதுதானே, விழுங்குவதில்லை, கூடாது.

கொதிக்கவைத்த நீர் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரை அப்படியே நேதிக் கெண்டியில் விட்டு மூக்குக் கழுவிய இருவர், நீரிலிருந்த அமீபா மூளைக்கு ஏறி இறந்தார்கள். மிக அரிதான நோய்தான். குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த உயிர், மூக்கால் ஏறினாற் கொல்லும். ஊருக்குப் போகும்போது கிணற்று நீரில் நேதி செய்ய நினைப்பவர்கள் இதை மறவாதிருக்கவும்.

இனி, நம் எல்லோருக்கும் பிரியமான வேது பிடித்தல். நொச்சி இலை போட்டுப் போர்வைக்குள் அமர்ந்த சுகத்தை நானும் அறிவேன். ஆயினும் பார்த்ததைச் சொல்லவேண்டும். இங்கிலாந்திலே நாட்பட்ட அல்லது அடிக்கடி வரும் பீனிசக்காரர் 871 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. மூக்குக் கழுவியவர்களுக்கு மிதமான பயன் கிடைத்தது. தலையிடியும் கடை மருந்து வாங்குவதும் குறைந்தன. வேது பிடித்தவர்களுக்குத் தலையிடி சற்றுக் குறைந்ததேயன்றி வேறு எதிலும் வேறுபாடு தெரியவில்லை. சுகமாக இருக்கிறது என்பதற்காகப் பெரியவர்கள் பிடிப்பதை நான் தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். 2020-இல் கொரோனாப் பயத்தில் வீடுதோறும் ஆவி பிடித்தபோது, பர்மிங்காம் சிறுவர் வைத்தியசாலையின் தீக்காயப் பிரிவில் ஆவியாலும் கொதிநீராலும் வெந்த பிள்ளைகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாகச் சேர்ந்தார்கள். போர்வைக்குள் மடியிற் கொதிபானையோடு அமர்ந்திருக்கும் பிள்ளை ஒரு தும்மல் தும்மினாற் போதும். குளியலறையைச் சாத்தி, ஷவரிற் சுடுநீரைத் திறந்துவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே அமர்ந்திருங்கள். அந்த ஈரக் காற்றே போதும்.

வேதுப் பானைக்குள் கற்பூரம் போடுகிறவர்கள் உண்டு. கைக்குழந்தையின் மூக்கடியிற் கற்பூரத்தை எண்ணெயிற் குழைத்துப் பூசுகிறவர்களும் உண்டு. ஆரத்திக் கற்பூரம் ஆரத்திக்கு மட்டுமே. சிறு பிள்ளை ஒரு கட்டியை மிட்டாய் என்று விழுங்கினாற் சிறிது நேரத்திலேயே வலிப்பு வரலாம். தோலாலும் மூச்சாலும்கூட அது உடலிற் சேரும். சுவாமி அறைத் தட்டிற் கற்பூரப் பெட்டி எட்டும் உயரத்திலா இருக்கிறது என்று இன்றே பாருங்கள். கடையில் வாங்கும் களிம்புகளிலும் கற்பூரம் இருக்கிறது. டப்பாவில் எந்த வயதுக்கு மேல் என்று எழுதியிருப்பதைப் பார்த்தே பூசுங்கள். மூக்கினுள்ளே ஒருபோதும் வேண்டாம்.

அதேபோல் மூக்கில் எண்ணெய் விடுவதும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது இரண்டு துளி நல்லெண்ணெய் விட்டால் மூக்குத் திறக்கும் என்று அம்மம்மாமார் அன்போடு செய்வார்கள். தண்ணீர் தவறிப் போனாற் பிள்ளை இருமித் தள்ளும். எண்ணெய்க்கு இருமலே வராது. வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குப் போய்த் தங்கிவிடும். அதனால் வரும் நிமோனியாவை மாற்றுவது கடினம். குழந்தையின் மூக்குக்கு மருந்துக் கடையில் விற்கும் உப்புநீர்த் துளியே நல்லது.

கொத்தமல்லிக் குடிநீரைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். தாராளமாகக் குடியுங்கள். மல்லி, சுக்கு, மிளகு சேர்த்து அவித்த குடிநீரும், சுடச்சுட இரசமும் கிருமியைக் கொல்லும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சூடான நீராகாரம் சளியை இளக்கும், தொண்டையை ஆற்றும், நோயாளி நீர் வற்றாமல் இருப்பார். நீரிழிவுக்காரர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு நாளுக்கு ஆறு கோப்பை குடித்துவிட்டு, "இயற்கை மருந்துதானே டொக்டர்" என்று சொல்லவேண்டாம். மஞ்சள் பாலும் அப்படியே, உணவளவிற் குற்றமில்லை. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்பவர்கள் மஞ்சட் குளிசைகளை வாங்கி விழுங்குமுன் தம் வைத்தியரைக் கேட்கவேண்டும். பால் குடித்தாற் சளி கூடும் என்பதற்கு ஆதாரமில்லை. தேன் இருமலுக்கு நல்லது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் நாவிலும் தடவக்கூடாது.

வலிக்குப் பனடோல் போதும். மூக்கடைப்பைத் திறக்கும் சைலோமெட்டசோலின் போன்ற விசிறிகளை ஒரு கிழமைக்கு மேற் பாவித்தால், மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கிவிடும். அடைப்புக்கென்று விற்கும் குளிசைகள் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. பிரஷர்க்காரர் கேட்காமல் வாங்கவேண்டாம். பத்து நாளுக்கு மேலும் குறையாவிட்டால் ஸ்டீரொயிட் மூக்கு விசிறி சிலருக்கு உதவும். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களின் பீனிசத்தைப் பாமசிக்காரரே பார்த்து, தேவையான மருந்தைக் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. சேர்ஜரிக்குக் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் தவம் கிடக்குமுன் அங்கே போய்ப் பாருங்கள்.

இப்போது, வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஓடவேண்டிய நேரம். நான் இந்தப் பக்கத்தை எழுத ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான். சில ஆண்டுகளுக்கு முன், ஏழு வயதுப் பிள்ளை ஒன்று. ஒரு கிழமைத் தடிமன். பின் ஒரு கண் சிவந்து வீங்கியது. அப்பம்மா நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியிற் பற்றுப் போட்டார். கண்ணுக்குச் சுடுதுணி ஒற்றினார். கண் திறக்க முடியாமற் போன பிறகே தாய் தூக்கிக்கொண்டு வந்தார். கண்களுக்கு நடுவேயுள்ள சைனசுக்கும் கண்குழிக்கும் இடையில் இருப்பது காகிதம் போன்ற எலும்பு. அதன் இலத்தீன் பெயரே காகிதத் தகடு என்றுதான் பொருள்படும். சீழ் அதைக் கடந்து கண்ணுக்குப் பின்னே சேர்ந்திருந்தது. அன்றிரவே சத்திரசிகிச்சை செய்து பார்வையைக் காப்பாற்றினார்கள். இன்னும் ஒரு நாள் சென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அந்த அப்பம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அவர் செய்தது முழுவதும் அன்பினால் செய்தது.

எனவே தடிமனோடு கண் இமை வீங்கினால், கண் பிதுங்கினால், பார்வை மங்கினால் அல்லது இரண்டாகத் தெரிந்தால், நெற்றி வீங்கினால், தாங்கமுடியாத தலையிடியோடு கழுத்து விறைத்தால், பேச்சுத் தடுமாறினால், நேரே வைத்தியசாலையின் அவசரப் பிரிவு, இரவானாலும் சரி. நீரிழிவு கட்டுக்கடங்காதவர்களும் ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவர்களும் இன்னும் விழிப்பாக இருக்கவேண்டும். 2021-இல் இந்தியாவில் கொரோனாவின் இரண்டாம் அலையோடு 40,000-க்கு மேற்பட்டோரைப் பிடித்த கருப்புப் பூஞ்சை பெரும்பாலும் இந்தச் சைனஸ்களிலேதான் தொடங்கியது. பலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது. அவர்களிற் பெரும்பாலோர் நீரிழிவுக்காரர். முகம் ஒரு பக்கம் மரத்தாலோ, மூக்கினுள்ளோ அண்ணத்திலோ கறுப்புத் தெரிந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது.

அவசரமில்லாவிட்டாலும் காட்டவேண்டியவை வேறு சில. ஒரு நாசியில் மட்டும் நாட்கணக்காக இரத்தம் கலந்த சளி வந்தால் காது மூக்குத் தொண்டை நிபுணர் பார்க்கவேண்டும். ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் துர்நாற்றத்தோடு வந்தால் பல் வைத்தியரிடம் போங்கள்; மேற் கடைவாய்ப் பல்லின் வேர் கன்னத்துச் சைனசின் தரையைத் தொட்டபடி இருப்பதால், சொத்தைப் பல்லிலிருந்தும் இது வரும். பன்னிரண்டு கிழமைக்கு மேல் நீடித்தாற் பெரும்பாலும் ஒவ்வாமையோ மூக்குத் தசை வளர்ச்சியோ உள்ளேயிருக்கும். வீட்டுக்குள்ளேயே துணி காயப்போட்டு, யன்னல் திறவாமற் சமைத்துச் சுவரெல்லாம் பூஞ்சணம் பூக்கவிட்டு, அதற்குமேற் சாம்பிராணிப் புகையும் போட்டால் மூக்கு எப்படித் திறக்கும்? சாம்பிராணி போடுங்கள், யன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

இன்னொன்று. அடிக்கடி "சைனஸ் தலையிடி" என்று படுத்துவிடுகிறவர்களிற் பலருக்குச் சைனசே இல்லை. அமெரிக்காவில் அப்படி நம்பியிருந்த 2,991 பேரைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 88 வீதமானோருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலிக்குரிய குணங்களே. சளியும் மூக்கடைப்பும் பெரிதாக இல்லாமல், வெளிச்சம் கூசி, வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வரும் தலையிடிக்கு எத்தனை முறை வேது பிடித்தாலும் பயனில்லை. அதற்கு வேறு மருந்து உண்டு; உங்கள் ஜீ.பி.யிடம் அந்தக் குணங்களை அப்படியே சொல்லுங்கள்.

மூக்குக் கழுவும் முறையை நேரிற் பார்க்க விரும்பும் அன்பர்கள் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் கீழ்மண்டபத்துக்கு வரலாம், செய்து காட்டுகிறேன். உப்பும் சோடாவும் என்னிடம் உண்டு. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை மட்டும் போத்தலிற் கொண்டுவரவும்.