குளிர்காலத்தில் யார் தூங்குகிறார்கள்?

மார்கழி பிறந்ததும் நம் மழலையர் வகுப்புச் சுவர்களில் துருவக் கரடிகளும் பெங்குவின்களும் ஏறிவிடுகின்றன. பஞ்சை ஒட்டிப் பனி செய்கிறோம். குகைக்குள் கரடி உறங்குகிறது, குளிர்காலத்தில் விலங்குகள் தூங்கும் என்று பாடம் முடிகிறது. பஞ்சு ஒட்டுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், விரல்களுக்கும் நல்லது. குறை பாடத்தில்தான். துருவக் கரடிகளில் சினையான பெட்டைகள்தாம் பனிக்குழியில் அடைந்து கிடக்கும். மற்றவை குளிர்காலத்திலும் வேட்டைக்கு அலையும். பெங்குவின்கள் வாழும் அண்டார்டிகாவிலோ டிசம்பர் கோடை.

இதைவிடப் பெரிய பிழை நம் மண்ணைப் பற்றியது. வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்பிவிட்டுப் போன பிறகு வரும் மாதங்கள், தமிழ்நாட்டின் நீர்ப்பறவைகளுக்கு ஓயாத வேலைக்காலம். கூடு கட்டுவதும் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் இப்போதுதான். நம் பக்கம் ஒளிந்து உறங்கும் காலம் கோடை. ஏரி வற்றும்போது பெரிய நீர்நத்தை சேற்றுக்குள் இறங்கி, ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு மழை வரும்வரை கிடக்கும். சிலவகைத் தவளைகளும் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். குளிர் வந்தால் எல்லாம் தூங்கும் என்று சொல்லிக் கொடுத்தால், ஏரிக்கரையில் பிள்ளை கண்ணால் காண்பதற்கு எதிராக நம் பாடம் நிற்கிறது. நாலு வயதில் அது டீச்சர் சொன்னதைத்தான் நம்பும். இதைச் சின்ன விஷயம் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்ட ஊர்மக்கள், 1798இலேயே அன்றைய கலெக்டரிடம் அந்தப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கியவர்கள். அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை ஒன்றே நமக்கு இரண்டு வாரப் பாடம். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். அது பெரிதும் தின்பது மழையில் விழித்தெழும் அதே நத்தைகளை. குஞ்சு பொரிந்து வரும்போது அந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் தோன்றும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் தங்கள் பற்களைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பற்கள் பிறகு முளைத்ததை அவர்களுக்கு வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

வகுப்பில் ஒரு தொட்டித் தண்ணீர் போதும். இடுக்கி, கரண்டி, வடிகட்டி, துணி கிளிப் ஆகியவற்றை அலகுகளாக வையுங்கள். கேரட் துண்டு, கீரைத்தழை, அடியில் கொஞ்சம் மணல் போடுங்கள். எந்த அலகால் எதை எடுக்க முடிகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். கரண்டிவாயனின் படத்தையும் கூழைக்கடாவின் படத்தையும் அதற்குப் பிறகு காட்டுங்கள். முன்னதாகக் காட்டினால் விடையைக் கையில் கொடுத்ததாகிவிடும். மூன்று வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் புளியங்கொட்டை, மணி வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்வார்கள். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் ஒரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும்.

ஏரி எல்லா மையத்துக்கும் பக்கத்தில் இருக்காது. தெருநாய் இருக்கும். காலையில் அது எங்கே படுத்திருக்கிறது, எப்படிப் படுத்திருக்கிறது என்று ஜன்னல் வழியே பார்க்கச் சொல்லுங்கள். மூக்கை வாலுக்குள் செருகிச் சுருண்டு கிடக்கும். வெயில் ஏறிய பிறகு மறுபடி பாருங்கள்: காலை நீட்டி, வயிற்றைக் காட்டிக் கிடக்கும். "நீ ராத்திரி எப்படிப் படுத்திருந்தாய்?" என்று கேட்டால் பிள்ளைகள் தரையில் படுத்துக் காட்டுவார்கள். சுருண்டால் ஏன் குளிர் குறைகிறது என்ற கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள். நாலைந்து நாள் அது வகுப்பில் கிடக்கட்டும். காகம் சிறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர்களில் ஒருவர் வந்து சொல்லும் வாய்ப்பு அப்போதுதான் கிடைக்கும்.

கடற்கரை ஊர்களில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறி, ஒரு குழியில் நூறு முட்டை போல இட்டுச் செல்லும். இரவில் பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது. மணல்குவியலில் கையால் குழி தோண்டி, காகித உருண்டைகளை நிரப்பி மூடுவது போதும். மாட்டுப் பொங்கலுக்கு மறுவேலைநாள், கன்றைக் குளிப்பாட்டிய வீட்டுப் பிள்ளை வகுப்பு எடுக்கட்டும்.

பெற்றோர் தாள் கேட்பார்கள், மேற்பார்வைக்கு வருபவரும் கேட்பார். பிள்ளை கிறுக்கிய நாய்ப் படத்தின் கீழே, அது சொன்ன வாக்கியத்தை அதன் பேச்சுமொழியிலேயே தேதியிட்டு எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே பிள்ளை சொல்வதை அருகில் எழுதினால், அச்சடித்த எந்தப் பயிற்சித்தாளையும்விட வளர்ச்சியை அது தெளிவாகக் காட்டும். அப்படி எழுதியவற்றில் சிலவற்றை, பிள்ளையின் பெயரை நீக்கிவிட்டு, எங்களுக்கு அனுப்புங்கள். மாசி இதழில் அவற்றுக்குப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.