கூலிக் கணக்கு யார் கையில்?

இங்கிலாந்துப் பள்ளிகளில் 16 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் ஈராண்டு வகுப்புக்கு ‘ஆறாம் படிவம்’ என்று பெயர். முடிவில் எழுதுவது ‘ஏ லெவல்’ தேர்வு, 1951-ல் தோன்றியது. அதில் பொருளாதாரமும் ஒரு பாடம். அந்நிய நாட்டுப் பள்ளிப் பாடம் ஆலைத் தொழிலாளிக்கு எதற்கு என்று கேட்கும் தோழர் இருக்கலாம். கேட்கட்டும், விடை கூறுகிறோம்.

அந்தப் பாடத்தின் முதல் ஏடுகளிலேயே இரண்டு கோடுகள் வருகின்றன. ஒன்று தேவைக்கு, மற்றொன்று அளிப்புக்கு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடமே விலை. ரொட்டிக்கும் அதே படம். அதைச் சுடும் ஆளுக்கும் அதே படம்! உழைப்பு ஒரு சரக்கு, கூலி அதன் விலை, சட்டம் போட்டுக் கூலியை உயர்த்தினால் வேலை குறையும் என்கிறது படம்.

படம் சொன்னபடி நடந்ததா? 1999 ஏப்ரலில் பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 22 வயது நிரம்பியவருக்கு மணிக்கு 3 பவுன் 60 பென்ஸ். வேலைகள் பறிபோகும் என்று கூக்குரலிட்டோர் பலர். அவர்கள் அஞ்சியபடி பறிபோகவில்லை. அதற்கு முன்பே, 1992-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அங்குள்ள உணவுக் கடைகளில் கணக்கெடுத்து, வேலை குறைந்ததாகத் தெரியவில்லை என்று 1994-ல் எழுதினர். 2021-ல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காரணம் என்ன? வேலை தருகிறவன் ஊருக்கு ஒருவனாக இருந்தால், கூலியைக் கீழே அமுக்கிவைக்க அவனால் முடியும். அங்கே சட்டம் கூலியை உயர்த்தினாலும் வேலை குறைய வேண்டியதில்லை. இந்த விளக்கமும் அதே பாடத்தில், பின் ஏடுகளில் இருக்கிறது! முதல் ஏட்டோடு நிறுத்தியவன் ஏமாறுவான். முடிய படித்தவன் வாதாடுவான்.

முடிய படிப்போர் யார்? கட்டணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளிப் பிள்ளைகள், தம் தொகைக்கு மிஞ்சிய பங்கில் அந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிகள் பலவற்றில் அந்தப் பாடமே இல்லை. பெண்களோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே.

ஏழைப் பிள்ளைகள் 16 வயதுக்குமேல் படிக்க, வாரம் 30 பவுன் வரை உதவித்தொகை 2004-ல் நாடெங்கும் வந்தது. இங்கிலாந்தில் அதை 2011-ல் நிறுத்திவிட்டார்கள். பதிலுக்கு வந்த நிதி மிகச் சிறியது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் வட அயர்லாந்தும் நிறுத்தவில்லை. சிக்கனமாம்! 2008-ல் கவிழ்ந்த வங்கிகளைக் கரையேற்றத் திறந்த கருவூலம், தொழிலாளி மகனின் பேருந்துக் காசுக்கு மட்டும் பூட்டிக்கொண்டது.

தோழர்களே! கூலிப் பேச்சில் எதிரே அமர்பவன் படம் போட்டுப் பேசுகிறான். நம் பக்கம் அமர்பவனும் அந்தப் படத்தை அறிந்திருக்க வேண்டும். அதன் ஓட்டையையும் அறிந்திருக்க வேண்டும். பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்குப் பொருளாதாரம் புரியாத பாடம் என்பார்கள். புரியவிடாத பாடம் என்கிறோம் நாம்.