ரப்பரை மாற்றினால் போதுமாம்

தீபாவளிக்கு சென்னையிலிருந்து வந்த அக்கா மகன், முற்றத்தில் நின்ற புல்லட்டைப் பார்த்ததும் “மாமா, செம விண்டேஜ்!” என்று நாலு பக்கமும் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டான். விண்டேஜும் இல்லை, ஒன்றும் இல்லை. 2021ல் மத்திய அரசு போட்ட விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிதான் விண்டேஜ். இது எங்க அப்பா 1981ல் வாங்கியது. சட்டத்தின் கண்ணுக்கு இது வெறும் பழைய வண்டி. விண்டேஜ் என்று பதிந்துகொண்டால் இன்னும் மோசம், கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. எனக்குக் கண்காட்சி எதுக்கு? எனக்குக் காட்டுக்குப் போகணும், சாத்தூர் சந்தைக்குப் போகணும், காலையில் வீட்டுக்காரியை ஆபீஸ் வாசலில் இறக்கிவிடணும்.

ஆபீஸ் என்றால் ஏசி போட்ட ஆபீஸ் இல்லை. எங்க பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் பாதி வீடுகளில் யாராவது ஒருத்தர் ஆபீஸுக்குப் போகிறவர்தான். மானாவாரி வெள்ளாமையை மட்டும் நம்பி இங்கே யாரும் அடுப்பு எரிக்க முடியாது.

ஆவணி மாசம் ஒருநாள். தீபாவளி ஆர்டர் நெருக்கடி, ஆபீஸில் ஆள் போதாத நேரம். வழக்கம்போல எட்டு மணிக்கு இறக்கிவிட்டு வண்டியைத் திருப்புகிறேன், பின்னாலிருந்து கூப்பிடுகிறாள். வாசலில் போர்மேன் அவளை நிறுத்திவிட்டார். “ஏம்மா, சேலையில பெட்ரோல் வாடை வருதே?” குனிந்து பார்த்தால் முந்தானைக்குக் கீழே, கால்மாட்டில், உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருக்கிறது. வண்டியைப் பார்த்தேன். டேப்பிலிருந்து கார்புரேட்டருக்கு வருகிற டியூப், மேல் கிளிப்புக்கு ஒட்டினாற்போல வெடித்து, சொட்டுச் சொட்டாக இஞ்சின் மேலேயே விழுந்துகொண்டிருக்கிறது. ஓடும்போது காற்று அதைப் பின்னால் அடித்துச் சேலையில் சேர்த்திருக்கிறது.

போர்மேன் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அந்த ஆபீஸுக்குள் நுழையும்போது கையிலிருக்கிற நிலைமின்சாரம் போக செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போகணும். தரையில் ரப்பர் விரிப்பு. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. இரும்புச் சாமான் ஆகாது, செல்போன் ஆகாது. அப்படிப்பட்ட இடத்தில் பெட்ரோல் நனைந்த சேலையோடு மருந்துக்குப் பக்கத்தில் எப்படி உட்கார விடுவார்? அன்றைக்குக் கூலி போச்சு. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வரைக்கும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சூடான சிலிண்டர், சொட்டுகிற பெட்ரோல், பின்னால் நனைந்த துணியோடு ஒரு மனுசி. ஏழு கிலோமீட்டர் அப்படித்தான் வந்திருக்கிறோம்.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த டியூப் போட்டு 14 மாசம்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய டியூப் என் கணக்குக்கு 10 வருஷத்துக்கு மேல் கிடந்தது. மெக்கானிக் அண்ணாச்சியிடம் காட்டினேன். இரண்டு விரலில் வளைத்தார், கம்பு மாதிரி முறிந்தது. “இப்ப எல்லாத்துக்கும் இப்படித்தான் ஆகுது தம்பி. பழைய வண்டி வாரத்துக்கு ரெண்டு வருது. எல்லாம் புது பெட்ரோல்” என்றார். நான் ஆய்வுக்கூடம் வைத்திருப்பவன் இல்லை. எங்க ஊர் வெயிலும் ரப்பரைக் காயப்போடும், மட்டமான டியூப்பும் சந்தையில் கிடக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெயில் பழைய டியூப்புக்கும் அடித்த வெயில்தான்.

மாறினது பெட்ரோல். 2013-14ல் நம் பெட்ரோலில் எத்தனால் கலப்பு ஒன்றரை சதவீதம். 2022 ஜூனில் 10. 2030க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை அஞ்சு வருஷம் முன்னால் இழுத்து, 2025லேயே எட்டியாச்சு. இ-20 என்று பெயர். அதற்கு ஏற்ற ரப்பரோடு வண்டிகள் வர ஆரம்பித்தது 2023 ஏப்ரல் வாக்கில். அதற்கு முன்னால் வாங்கிய அத்தனை வண்டிக்கும், உங்க வீட்டு ஸ்கூட்டர் உட்பட, யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எத்தனால் ரப்பரை என்ன செய்யும்? பழைய ரகத்து ரப்பர் அதைக் குடித்து ஊதும். ரப்பரை வளையவைக்கிற பொருள்களைக் கரைத்து வெளியே எடுத்துவிடும். டியூப் காய்ந்ததும் சுருங்கி விறைக்கும், பிறகு வாய்ப்பக்கம் கீறல் விடும். தினமும் ஓடுகிற வண்டியைவிட, அடைமழைக்குப் பத்து நாள் நின்று, வெயிலுக்கு ஓடி, திரும்ப நிற்கிற என் வண்டி மாதிரி வண்டிக்குத்தான் கேடு அதிகம். போதாததற்கு எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். டேப் எங்கேயிருந்து எடுக்கிறது? அடியிலிருந்து. டேங்க் எதில் செய்தது? இரும்புத் தகட்டில். மிச்சத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி இஞ்சின் வெடித்துவிடும், வண்டி ஒரே வருஷத்தில் காயலான் கடைக்குப் போகும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அது புரளி. மைலேஜ் விழும், அது நிஜம். எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். கலப்பில்லாத பெட்ரோலுக்கென்று வடிவமைத்த இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம், கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021ல் நிதி ஆயோக் அறிக்கையே கணக்குப் போட்டது. அந்தக் காசைக்கூட விடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறு ஒரு வாக்கியத்தில். 2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலிய அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடியபிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாமாம். செலவு குறைவாம். வழக்கமான சர்வீஸிலேயே சுளுவாக முடிந்துவிடுமாம்.

எந்த சர்வீஸ்? இந்தப் பக்கம் டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுகிறவர்களும் பழைய ஸ்ப்ளெண்டர் ஓட்டுகிறவர்களும் வண்டி நின்றால்தான் மெக்கானிக்கிடம் போவார்கள். ஓடுகிற வரைக்கும் அது சர்வீஸ் தேவைப்படாத வண்டி. மாற்றணும் என்று அவர்களிடம் யார் சொன்னது? நான் போடுகிற பங்க்கில் இ-20 என்று ஒரு போர்டு இல்லை. பையனைக் கேட்டால் “பெட்ரோல்தாண்ணே” என்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

சரி, மாற்றுகிறோம். எதை வைத்து? இங்கேதான் நானே ஏமாந்தேன், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். டியூப் வெடித்த அன்றைக்கே அவசரத்தில் ஒரு கடையில் கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் டியூப் ஒரு அடி 30 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். பெட்ரோல் ஓடுவது தெரியும், பார்க்க அழகு. மூணே வாரத்தில் மஞ்சளாகி விறைத்துவிட்டது. கிளிப்பை எடுத்ததும் தானாகக் கழன்று கையோடு வந்தது. அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். கறுப்பு நைட்ரைல் டியூப்பிலேயே பல தரம் உண்டு. எத்தனாலுக்கு உறுதியாகத் தாங்குவது எஃப்கேஎம் என்கிற ஃப்ளோரோ ரப்பர், வைட்டான் என்ற பெயரில் விற்பது. அல்லது உள்பக்கம் அந்த ரப்பர் ஒட்டிய, மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்த டியூப். சாத்தூரில் நாலு கடை ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. கடைசியில் மதுரையிலிருந்து வரவழைத்தேன், மீட்டர் 400 ரூபாய்க்கு மேல். குறைந்த செலவு என்று சொன்னவர்கள் எங்க ஊர் ஆபீஸ் கூலியைத் தெரிந்துகொண்டு சொன்னார்களா?

மாட்டுவது கஷ்டமில்லை. ஆனால் பொறுமை வேணும். டேப்பை மூடி, டேங்க்கைத் தகர டின்னில் வடித்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில், பீடி குடிக்கிற ஆள் பக்கத்தில் இல்லாமல். பழைய டியூப்பை இழுக்காதீர்கள். திருகித் திருகி எடுக்கணும், வரவில்லையென்றால் பிளேடால் நெடுக்காகக் கீறிவிடணும், டேப்பின் பித்தளை மூக்கு முறிந்தால் செலவு பத்து மடங்கு. உள் அளவு என் வண்டிக்கு 6 மில்லிமீட்டர், உங்க வண்டிக்கு அளந்து வாங்குங்கள். நேராக வெட்டணும். நீளம் கொஞ்சம் தாராளமாக விட்டு, வளைவு மடியாமலும் சிலிண்டர் ரெக்கையில் படாமலும் பார்க்கணும். இந்த ரப்பர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், நுனியை வெந்நீரில் முக்கினால் ஏறிவிடும். புது கிளிப். பிறகு டேப்பைத் திறந்து அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். தாளில் ஒரு புள்ளி ஈரம் இருந்தாலும் திரும்பக் கழற்றணும். துணி பின்னிய டியூப் போட்டிருக்கிறவர்கள் இன்னும் உஷாராக இருக்கணும், உள்ளே வெடித்திருப்பது மேலே தெரியாது.

இதெல்லாம் எனக்கு ஒரு நாள் வேலை. ஆபீஸுக்கு வெளியே வரிசையாக நிற்கிற அத்தனை வண்டிக்கும் யார் செய்வது? உள்ளே ஒரு தீப்பொறிக்குப் பயந்து அத்தனை விதி. இந்த மண்ணில் அந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருத்தர் உசுரு இருக்கிறது, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே ஜனங்கள் வருகிற வண்டியின் டியூப்பை அரிக்கிற பெட்ரோலை ஊற்றிவிட்டு, ‘மாற்றிக்கொள்’ என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வது என்ன நியாயம்?

இதில் பெரிய வேதனை, இதை எங்க பெயரைச் சொல்லிச் செய்வது. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்சநீதிமன்றம் எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேணும் என்ற மனுவைத் தள்ளுபடி செய்தது. அங்கே அரசுத் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று, கரும்பு விவசாயிக்கு நன்மை. கரும்புக்கு என்றால் மக்காச்சோளத்துக்கும்தானே. நான் மக்காச்சோளம் போடுகிறவன். ஒரு டன் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 380 லிட்டர் எத்தனால் வரும். அப்படியானால் நீங்கள் 10 லிட்டர் போடும்போது அஞ்சு கிலோவுக்கு மேல் மக்காச்சோளம் டேங்க்குக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு சந்தோஷமாக இருக்கணும். ஒரு வருஷம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன், கோழித் தீவனக்காரரும் எத்தனால்காரரும் போட்டி போட்டதில் விலை ஏறியது. பிறகு? 2024ல் இந்தியா மக்காச்சோளம் இறக்குமதி செய்தது. 2025-26க்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்றார்கள். அந்த நவம்பரில் கர்நாடகத்தில் ஹாவேரி, கதக் பக்கத்து மக்காச்சோள விவசாயிகள் விலை விழுந்துபோய் கொள்முதல் நிலையம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். விவசாயிக்கு நன்மை செய்யணும் என்றால் அந்த 2,400ஐ எங்க கையில் கொடுங்கள். என் பெயரைப் பெட்ரோல் டேங்க்கில் ஊற்றாதீர்கள்.

எத்தனாலே வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. கச்சா எண்ணெய்க்கு வெளிநாட்டை நம்பியிருக்கிற நாட்டுக்கு அது வேணும். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீதம் கொண்டுவந்தபோது, பழைய வண்டிக்காக 5 சதவீதத்துக்கு மேல் போகாத ரகத்தைப் பெரிய பங்க்குகளில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் 15 சதவீதப் பெட்ரோலை மோட்டார் சைக்கிளுக்குப் போடவே கூடாது, பம்ப்பிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பிரேசிலைக் காட்டுவார்கள். அங்கே எதைப் போட்டாலும் ஓடுகிற வண்டிகள் 2003லிருந்தே விற்பனைக்கு வந்துவிட்டன. நான் கேட்பது ரொம்பச் சின்னது. பம்ப்பில் எத்தனை சதவீதம் என்று தமிழில் எழுதி வையுங்கள். ஊருக்கு ஒரு பங்க்கிலாவது கலப்பு குறைந்த பெட்ரோலுக்கு ஒரு குழாய் விடுங்கள். சரியான டியூப் எங்க ஊர்க் கடையில் கிடைக்கிற மாதிரி செய்யுங்கள்.

அக்கா மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “எலக்ட்ரிக் வாங்கிருங்க மாமா, இதைக் குடுத்துருங்க” என்றான். 1955ல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து எடுத்து நடத்தி, அங்கே கம்பெனி மூடின பிறகும் திருவொற்றியூரில் நிற்காமல் செய்துகொண்டிருந்த வண்டி இது. 44 வருஷமாக ஓடுகிறது. ஓடுகிற வண்டியை எறிந்துவிட்டுப் புதுசு வாங்குவதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொடுக்கிற படிப்பு நான் படிக்கவில்லை. அவனுடைய ஸ்கூட்டர் எந்த வருஷம் என்று கேட்டேன். 2017. டியூப் பார்த்தியா என்று கேட்டேன். அது எங்கே இருக்கும் மாமா என்றான்.

மதுரையிலிருந்து இரண்டு மீட்டர் வாங்கினேன் இல்லையா, எனக்குப் போக ஒன்றரை மீட்டர் மிச்சம் கிடக்கிறது. வீட்டுக்காரியோடு அதே அறையில் வேலை பார்க்கிற மூணு பேர் வீட்டு வண்டிகள் ஞாயிற்றுக்கிழமை முற்றத்துக்கு வருகின்றன. அவனுக்கும் அரை அடி வெட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன், மாட்டினானா தெரியவில்லை.