காய்ச்சல்காரனுக்குக் கூலி யார் கொடுப்பது?

கொள்ளை நோய் ஏழை பணக்காரன் பார்க்காது என்று மேடையில் பேசுகிறார்கள். நோய் பார்க்காமலிருக்கலாம், கூலி பார்க்கிறது!

மாதச் சம்பளக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் லீவு எழுதிக் கொடுக்கிறார். சம்பளம் வந்து சேருகிறது. அன்றாடக் கூலிக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே கூலி நிற்கிறது. மறுநாள் அடுப்பு நிற்கிறது. ஆகவே அவன் என்ன செய்கிறான்? காய்ச்சலை மறைக்கிறான். ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறான். மறைத்த காய்ச்சல் பக்கத்தில் நிற்பவனைப் பிடிக்கிறது. பிறகு, "தொழிலாளிக்குச் சுகாதார அறிவு இல்லை" என்று உபதேசம் நடக்கிறது. அறிவு அவனுக்கு இருக்கிறது, தோழர்களே! படுத்திருக்கும் நாளுக்குக் கூலிதான் இல்லை.

2020 மார்ச் 11-இல் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்றது. 2023 மே 5-இல் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. அவசரம் முடிந்தது, கேள்வி முடியவில்லை. நோய்க்காலத்தில் தொழிலாளியின் உயிருக்கும் கூலிக்கும் பொறுப்பாளி யார்? அடுத்த நோய் வந்த பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை. இப்போதே கேட்கவேண்டும்.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், சரித்திரத்தில் பெயர் பெற்ற ஊர். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று வைணவர்கள் கைகூப்புகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடுகளைச் சரித்திர ஆசிரியர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். தானம் கொடுத்த ஊரை 25 பங்காகப் பிரித்த கணக்கு அதில் இருக்கிறது. 20 பங்கு வேதம் ஓதியவர்களுக்கு. மிச்சத்தில், கோயில் பூசைக்கும் பழுது பார்ப்பதற்கும் பங்கு. மண்டபத்தில் தண்ணீரும் நெருப்பும் வைப்பதற்கு ஒரு பங்கு. பாரதம் படிப்பதற்கு ஒரு பங்கு. வேலை இன்னது, அதைச் செய்கிறவனுக்கு வாழ்வு இன்னது என்று செம்பில் வெட்டி வைத்தார்கள். தறியில் உட்காருகிறவனுக்கென்று ஒரு பங்கு அந்தக் கணக்கில் இல்லை. 1,300 ஆண்டு கழித்து வந்த கொள்ளை நோயிலும் அவன் கணக்கில் வரவில்லை. எப்படி என்று பார்ப்போம்.

2020 மார்ச் 24 இரவு பிரதமர் நாடு முழுவதும் ஊரடங்கு என்றார். மார்ச் 29-இல் மத்திய உள்துறை, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஓர் உத்தரவு போட்டது. ஆலையானாலும் கடையானாலும், மூடிக் கிடக்கும் நாட்களுக்கும் பிடித்தமில்லாமல், குறித்த தேதியில் கூலி கொடுக்கவேண்டும் என்பது உத்தரவு. முதலாளிகள் சிலர் சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டினார்கள். மே 18-லிருந்து உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12-இல் கோர்ட் சொன்னது: கூலி கொடுக்காத முதலாளிமீது கட்டாய நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

பேசித் தீர்த்துக்கொள்வதாம்! காதுக்கு இனிய வார்த்தை. சங்கம் உள்ளவன் பேசலாம். சங்கம் இல்லாதவன் யாரிடம் பேசுவான்?

சங்கம் பேசிய இடம் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2021 மே மாதம். இரண்டாவது அலை வீசிற்று. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. தமிழ்நாட்டில் ஊரடங்கு, ஆனால் மோட்டார் ஆலைகள் ஓடலாம் என்று விலக்கு. ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலையில் மே 24-இல் தொழிலாளர்கள் வேலையை விட்டு உட்கார்ந்தார்கள். மறுநாளிலிருந்து ஐந்து நாள் ஆலை மூடும் என்று நிர்வாகம் அறிவித்தது. ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையின் தொழிலாளர் சங்கம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. வேலைக்கு வரமாட்டோம் என்றும் சொல்லிற்று. மே 26 முதல் 30 வரை அந்த ஆலையும் மூடியது. அதிகாரி ஆலைக்குள் போய்ப் பார்க்கவேண்டும் என்று கோர்ட் சொல்லிற்று.

சங்கத்தின் கோரிக்கையைக் கவனியுங்கள். கார்கள் வரிசையாக நகரும் பாதையில் இடையிடையே வெற்றிடம் விடவேண்டும். அப்போதுதான் ஆளுக்கு ஆள் விலகி நிற்க முடியும் என்றார்கள். முகமூடி கொடுப்பதும், வாசலில் நெற்றிச் சூடு பார்ப்பதும் பாதுகாப்பில் கால் பங்கு. முக்கால் பங்கு வேலையின் வேகத்தில் இருக்கிறது. வெற்றிடம் விட்டால் காரின் எண்ணிக்கை குறையும். விடாவிட்டால் ஆளின் எண்ணிக்கை குறையும். எது குறையவேண்டும் என்று கேட்கிற துணிவைச் சங்கம் கொடுத்தது.

அந்த ஆலை வாசலுக்குள் இருந்தவர்களுக்கு இல்லாத ஒரு சங்கடம் தறிக்காரனுக்கு உண்டு. மறியல் செய்ய அவனுக்கு வாசலே கிடையாது! பாவும் ஜரிகையும் முதலாளி கொடுக்கிறார். வீட்டுக் குழித்தறியில் குடும்பமே நெய்கிறது. புடவையைக் கொடுத்தால் கூலி. கோர்வைப் புடவை என்றால் நெய்கிறவருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் உட்கார்ந்து நாடாவை வாங்கித் தரவேண்டும். ஒரே தறியில் இரண்டு பேர்! இதில் ஆறடி விலகி நிற்பது எங்கே?

ஊரடங்கில் கல்யாண மண்டபம் மூடியது; புடவைக் கடை மூடியது; கர்நாடகத்துப் பட்டும் சூரத்து ஜரிகையும் வருவது தடைப்பட்டது. தறிக்காரனை வேலையிலிருந்து நீக்கியதாக யாரும் சொல்லவில்லை. அடுத்த பாவு வரவில்லை, அவ்வளவுதான். மார்ச் 29 உத்தரவைக் காட்டி அவன் கூலி கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? "நீ என் ஆளா? உன் வீடு, உன் தறி. நீயே முதலாளி!"

முதலாளியாம்! நிறத்தைத் தீர்மானிப்பவர் யார்? கரையைத் தீர்மானிப்பவர் யார்? கூலியைத் தீர்மானிப்பவர் யார்? இழை பிசகினால் கூலியில் பிடிப்பவர் யார்? லாபம் வரும்போது என் சரக்கு; காய்ச்சல் வரும்போது உன் வீடு. இது எந்த ஊர் நியாயம்?

வீட்டிலிருந்து உழைப்பவனைத் தொழிலாளி என்று சொல்லச் சட்டத்தில் வழியில்லை என்பார்கள். இருந்தது! 1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் என்ன சொல்லிற்று? இலையையும் தூளையும் வாங்கிப்போய் வீட்டில் பீடி சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்றது. கூலியோடு விடுமுறை அவருக்கும் உண்டு என்றது. பீடி முதலாளிகள் எதிர்த்து வழக்காடினார்கள். 1974-இல் சுப்ரீம் கோர்ட் அச்சட்டத்தை நிலைநிறுத்திற்று. பீடி சுற்றிய கைக்குக் கிடைத்த நியாயம் பட்டு நெய்யும் கைக்கு ஏன் கூடாது?

"சின்ன முதலாளி நாங்களும் நொடித்தோம்; விற்காத புடவை பெட்டியில் கிடந்தது; வட்டி ஏறிற்று" என்று சொல்கிறார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஒரு தனி ஆள் தலையில் முழுச் சுமையும் ஏறக்கூடாது என்பதற்குத்தானே ஈ.எஸ்.ஐ. பிறந்தது? நல்ல நாளில் முதலாளியும் தொழிலாளியும் பணம் கட்டினார்கள். கட்டிய தொழிலாளி நோயில் படுத்தால் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைத்தது. கொரோனாவில் இறந்த காப்பீட்டுத் தொழிலாளியின் குடும்பத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் மாதந்தோறும் கொடுக்கும் திட்டமும் 2021-இல் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனம் என்ற வேலிக்குள் வீட்டுத்தறி வரவில்லை.

வேலி விரிந்ததா? 29 பழைய சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு 240 நாள் உழைத்தால்தான் கூலியோடு விடுமுறை என்பது 180 நாளாயிற்று, வரவேற்கிறோம். அதே சமயம், தொழிற்சாலை என்று கணக்கில் வர, மின்விசை உள்ள இடத்தில் 10 பேர் போதும் என்றிருந்தது 20 ஆயிற்று; விசையில்லாத இடத்தில் 20 என்பது 40 ஆயிற்று. சின்னப் பட்டறை வேலிக்கு வெளியே நின்றது.

இன்னொன்று. பெருந்தொற்று என்ற சொல்லும் இந்தத் தொகுப்புகளில் இருக்கிறது. எதற்காக? பெருந்தொற்று வந்தால் பாதுகாப்பு விதிகளிலிருந்து ஆலைக்கு விலக்கு அளிக்கலாம் என்பதற்காக! காப்பீட்டுப் பணம் கட்டுவதைத் தள்ளிவைக்கலாம், குறைக்கலாம் என்பதற்காக! வெள்ளம் வரும்போது கரையை உயர்த்துவார்களா, உடைப்பார்களா?

விலக்கு என்றால் என்ன நடக்கும் என்பதை 2020-லேயே பார்த்தோம். குஜராத் சர்க்கார், நோயைக் காரணம் காட்டி, நாளுக்கு 12 மணி நேர வேலை, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி கிடையாது என்று அறிவித்தது. அக்டோபர் 1-இல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. கோர்ட்டுக்குப் போனது யார்? தொழிலாளர் சங்கம்.

ஆகவே மூன்று கோரிக்கை. ஒன்று: பாவு கொடுத்துப் புடவை வாங்குகிறவர் முதலாளி, நெய்கிறவர் தொழிலாளி என்று சட்டம் சொல்லவேண்டும். இரண்டு: புடவைக்கு இவ்வளவு என்று பணம் கட்டி நோய்க்கால நிதி வேண்டும், முதலாளியும், கூட்டுறவுச் சங்கமும், சர்க்காரும் அதில் பங்கு போடவேண்டும். மூன்று: தொற்று நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், ஆலையானாலும் தறியானாலும், ஒப்பந்தத் தொழிலாளியானாலும், கூலியோடு ஓய்வு, திரும்பி வந்தால் அதே வேலை, அதே தறிக்குப் பாவு.

இது தர்மம் கேட்பதல்ல. காய்ச்சல்காரன் வீட்டில் படுத்திருந்தால் பிழைப்பது அவன் மட்டுமல்ல. பக்கத்துத் தறிக்காரன், கடைக்காரர், புடவை வாங்க வருகிற கல்யாண வீட்டார், முதலாளி, எல்லாருமே பிழைக்கிறார்கள். எல்லாரையும் காக்கிற ஓய்வுக்கு அவன் ஒருவன் மட்டும் பட்டினியால் விலை கொடுக்கவேண்டுமா?

தோழர்களே, அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாக வையுங்கள். ஒரகடத்துத் தோழர்கள் தறித்தெருவுக்கு வரட்டும். தறித்தெரு ஒரகடத்து வாசலுக்குப் போகட்டும். அடுத்த நோய் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. அது வரும்போது நம் கையில் சட்டம் இருக்கவேண்டும். வெறும் மாத்திரை போதாது.